பாதி செபம்

திரித்துவம் விளங்குகிறதா என்று யாராவது கேட்டால், விளங்குகிறது என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் எனக்கு அது விளங்கியது வகுப்பில் இல்லை. எழுபதுகளில் ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவது என் வேலை. பிதா, சுதன், பரிசுத்த ஆவி. ஆள் மூன்று, கடவுள் ஒன்று என்று கரும்பலகையில் முக்கோணம் போட்டு அரை மணி நேரத்தில் முடித்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

காரைக்கால் பக்கம் நெடுங்காட்டில் எங்கள் வீட்டிலும் ஆள் மூன்று. நான், என் கணவர், கணவரின் அக்கா. தாயில்லாத தம்பியை வளர்ப்பதற்காகக் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவர் அண்ணி. விளக்கு வைத்ததும் மூவரும் செபமாலைக்கு உட்காருவோம். ஒருவர் செபத்தின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மீதியைச் சொல்லி முடிக்க வேண்டும். கணவர் தொடங்குவார், நானும் அண்ணியும் பதில் சொல்வோம். கடைசியில் அண்ணி கட்டைவிரலால் எங்கள் நெற்றியில் சிலுவை போடுவார்.

ஒருநாள் வாய்க்கால் படித்துறையில் நாலு பேர் முன்னால், "எங்க டீச்சரம்மா கைக்கு சாக்பீஸுதான் வரும், கரண்டி வராது" என்றார் அண்ணி. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "குடும்பம் நடத்தாதவங்களுக்கு அதப்பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். சிரிப்பு நின்றது. அண்ணி ஈரத் துணியைப் பிழியாமலே வாளியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. சாயங்காலம் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பிசிறில்லாமல் சேர்ந்தே பதில் சொன்னோம். என் நெற்றிக்குச் சிலுவை வருவது மட்டும் நின்றுபோனது.

அந்த நேரம் பார்த்துக் கணவருக்குத் தொலைவில் ஆந்திரா பக்கம் இருக்கும் ஏனாமுக்கு மாற்றல் வந்தது. "ரெண்டு பேரும் பாத்து இருந்துக்குங்க" என்று எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தபடி பஸ் ஏறினார். அவர் திரும்பி வரும்போது வீடு இரண்டாகியிருக்குமோ என்று எனக்குப் பயம் வந்தது. பயம் வந்ததே தவிர, போய்ப் பேச வாய் வரவில்லை. செபத்தை யார் தொடங்குவது என்று கேட்க வேண்டுமே! அதைக் கேட்காமலிருக்க அண்ணி அறையிலும் நான் அடுப்படியிலும் உட்கார்ந்து, இரண்டு பாதியையும் அவரவரே சொல்லிக்கொண்டோம்.

பக்கத்து வீட்டில் ஓர் இந்து விவசாயக் குடும்பம். எங்கள் செபச் சத்தம் கேட்டால்தான் அந்த வீட்டம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவார். ஒரு காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்: "ஏன் டீச்சர், மூணு பேரு இருக்கறப்ப உங்க வீட்ல ஒரே சத்தமா கேக்கும். இப்ப ரெண்டே பேருதான், ரெண்டு சத்தமா கேக்குதுங்களே?"

அதில் கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. பிதாவும் சுதனும் ஆவியும் ஒருவரை விட்டு ஒருவர் இருந்ததே இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே.

அன்று சாயங்காலம் அண்ணியின் அறைவாசலில் போய் நின்றேன். உள்ளே செபமாலை சொல்லிக்கொண்டிருந்த அண்ணி, "பிதாவுக்கும் சுதனுக்கும் இஸ்பிரீத்துசாந்துவுக்கும் தோத்திரம் உண்டாகக்கடவது" என்றார். இப்போதெல்லாம் பரிசுத்த ஆவி என்றுதான் சொல்ல வேண்டும் என நான் திருத்தித் திருத்தி அலுத்த பழைய வழக்கம் அது. மூச்சு வாங்க நிறுத்தினார். "ஆதியில் இருந்ததுபோல" என்று நான் பிடித்துக்கொண்டேன். அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு செபத்தையும் பாதியோடு நிறுத்தி, மீதியை எனக்கு விட்டார்.

செபமாலை முடிந்தது. "அண்ணி, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"குடும்பம் நடத்தத் தெரியாமத்தான் ஒம் புருசன வளத்தேனா?" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஈரக் கட்டைவிரலை என் நெற்றியில் வைத்தார். பிதா, சுதன் என்று சொல்லி, மூன்றாவது பெயரைத் தன் வழக்கப்படியே சொல்லி நிறுத்தினார்.

ஆமென் சொல்ல வேண்டியது நான். சொன்னேன்.