யார் விரலால் அளந்தது

ஏற்காட்டு ஆஸ்பத்திரி நடையில் மடியில் ஒரு கிராஃப் தாளுடன் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துப் பள்ளி மைதானத்தில் என் தம்பி ஸ்டீபனின் கல்லூரிக் கால்பந்து அணி அரையிறுதிக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. விடுப்பு முடிந்து வந்த லேடி டாக்டரிடம் தாளைக் காட்டிவிட்டு ஆட்டம் பார்க்கப் போவதாகத் திட்டம்.

ஐந்து வாரங்களுக்கு முன் சேலத்து விடுதியில் அவனுக்குக் காய்ச்சல் தொடங்கியது. ஒருநாள் விட்டு ஒருநாள் மத்தியானத்தில் பல் கிட்டும் நடுக்கம். மலைக்கு அழைத்து வந்தோம். ரத்தப் பூச்சில் (ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பது) மலேரியா தெரிந்தது. மாத்திரையில் காய்ச்சல் நின்றுவிட்டது. மண்ணீரல் (இடது விலாவுக்குள் இருந்து ரத்தத்தைச் சலிக்கும் உறுப்பு) வீங்கியே இருந்தது.

அப்போது மலையில் ஸ்கேன் கிடையாது. விலா எலும்பின் விளிம்பிலிருந்து கீழே விரல்களை அடுக்கித்தான் அளந்தார்கள்.

"நாலு விரல்," என்றார் லேடி டாக்டர். "பழுத்த தக்காளி மாதிரி இருக்கும். ஒரு முழங்கை பட்டாப் போதும், உள்ளயே கிழிஞ்சிரும். ரெண்டு விரலுக்குக் கீழ வரட்டும், அப்புறம் பந்தப் பத்திப் பேசலாம்."

"செமி ஃபைனல் வருதுங்க டாக்டர்," என்றான் ஸ்டீபன்.

"மண்ணீரலுக்கு அது தெரியாது, கண்ணு."

இடது தோள் வலித்தால் உடனே வரச் சொன்னார். உள்ளே கசியும் ரத்தம் உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) உறுத்தினால் வலி தோளில் தெரியுமாம்.

நான் சிவில் டிப்ளமோ படித்தவள், வரைபட அலுவலகத்தில் வேலை. உடனே அட்டவணை போட்டேன்: தேதி, காய்ச்சல், எடை, விரல். நாலு. மூன்றரை. மூன்று. பிறகு டாக்டர் விடுப்பில் போனார். அடுத்த வாரம் சேலத்தில் வேறொரு டாக்டர் தொட்டுப் பார்த்து, "ரெண்டு விரல்கூட இல்லையே" என்றார். ஸ்டீபன் கேட்டதும் ஆடலாம் என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார். நான் புள்ளி வைத்துக் கோட்டை இழுத்தேன். கோடு சட்டென்று சரிந்தது. சந்தோஷத்தில், ஏன் என்று கேட்கவில்லை.

லேடி டாக்டர் அந்தக் கடைசிப் புள்ளியில் நகத்தை வைத்தார். "இது யாரு பாத்தது?"

"சேலத்து டாக்டருங்க."

"அவர் கை எப்படி இருக்கும்?"

நினைத்துப் பார்த்தேன். மோதிரம் சதைக்குள் புதைந்த பருத்த விரல்கள். லேடி டாக்டர் தன் கையைத் தாள்மேல் விரித்தார். மெலிந்த கை. இவருடைய மூன்று விரல், சேலத்து டாக்டரின் இரண்டு விரல் அகலம்தான் இருக்கும்.

அளவு எழுதினால் எந்த டேப், யார் பிடித்தது என்றும் எழுத வேண்டும். பாலிடெக்னிக்கில் முதல் வாரப் பாடம் அது. என் அட்டவணையில் அந்தப் பத்தி இல்லை.

"பையன் எங்க?"

மைதானத்திலிருந்து விசில் கேட்டது. ஆட்டம் எப்போதோ தொடங்கியிருந்தது.

ஓடினேன். மூடுபனி இறங்கி எதிர்க் கோல் கம்பம் மறைந்திருந்தது. பந்து உதைபடும் சத்தம்தான் வந்தது.

"ஏனுங்க, டாக்டர் சீட்டு குடுத்தாச்சுங்களே," என்றார் பயிற்சியாளர்.

"அது தப்புங்க. அவனை வெளிய எடுங்க."

"இடைவேளைக்கு இன்னும் பத்து நிமிசந்தானுங்க."

பனி அடர்ந்து நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். நான் கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தேன்.

"டேய், உங்கக்கா ரெஃப்ரிய விட மோசம்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

பனிக்குள்ளிருந்து ஸ்டீபன் வந்தான். "அக்கா, எல்லாரும் பாக்கறாங்க. போயிரு."

"உன் கை எங்க இருக்குது, பாரு."

அவன் வலது கை இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"விழுந்தங்க்கா. அவ்வளவுதான்," என்றான். குரல் இறங்கிவிட்டது. என்னோடு நடந்து வந்தான்.

டாக்டர் அளந்தார். மூன்று விரல். மயிரிழைகூடக் குறையவில்லை. தோள்வலி விழுந்ததால் வந்ததா, உள்ளே கசிகிறதா என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது. கால் மணிக்கு ஒருமுறை நாடி பார்க்கச் சொன்னார். எழுதினேன்: தொண்ணூற்றாறு. தொண்ணூற்றெட்டு. நூற்று நாலு. நூற்று நாலைக் கண்டதும் சேலம் கொண்டுபோக ஜீப் வரவழைத்தார். ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் பார்த்தவர் பெயரை எழுதினேன்.

பனி விலகி ஆட்டம் தொடர்ந்து முடிந்ததும், அணி முழுக்கச் சேற்றுக் காலோடு நடையில் வந்து நின்றது. ரத்தம் வேண்டுமானால் கொடுக்கத்தான்.

"ஜெயிச்சமா?" என்று கேட்டான் ஸ்டீபன்.

"ரெண்டுக்கு ஒண்ணு. நீ வெளிய போன பொறவுதான்டா ரெண்டும்."

அவன் சிரித்தான். அடுத்த நாடி தொண்ணூறு. பிறகு எண்பத்தாறு. தோள் நீலமாகக் கன்றி வந்தது. வெறும் அடிதான். டிரைவர் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனார்.

அந்தப் பருவம் எனக்குத் தேதிகளாக நினைவில் இல்லை. இரண்டரை விரலில் இறுதியாட்டம். தோற்றார்கள், அவன் வெளியே உட்கார்ந்திருந்தான். ஒன்றில் அவனுடைய தேர்வுகள். அரை விரலில் காப்பிப் பூ. எல்லாம் ஒரே கையின் விரல்கள்.

ஒருநாள் டாக்டர் வெகுநேரம் தேடிவிட்டு, "அகப்படல" என்றார்.

"அப்ப அது போயிருச்சுங்களா?"

"அதோட எடத்துக்குப் போயிருச்சு, சாமி."

அடுத்த பருவத்தில் ஆடினான். பந்து வரக் காத்திருக்கும்போது அவன் உள்ளங்கை இடது விலாவுக்குக் கீழே போய்விட்டு வரும். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் என் கையும் என் விலாவுக்குக் கீழேதான் இருக்கும். என் விரலுக்கு எதுவும் அகப்படாது. ஆனாலும் கையை உடனே எடுப்பதில்லை.