றைஸ் குக்கர் மூடி யாருடையது?

மார்க்கம் நகரில் ஒரு ஜப்பானியக் கம்பனியில் றைஸ் குக்கர் வடிவமைக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே நான் ஒரு மூடியைக் கண்டுபிடித்துவிட்டேன். பழைய குக்கரைத் திறந்தால் மூடியில் கோத்திருக்கும் நீர் மேசையெல்லாம் சொட்டும். என் மூடியின் விளிம்பில் ஒரு சின்ன வாய்க்கால். நீர் அதன்வழி பின்னாலிருக்கும் கிண்ணத்துக்குள் ஓடிவிடும். புதிய மாடலில் அது என் மூடியாக வரவேண்டும். வேறு ஆசை எனக்கு இருக்கவில்லை.

யாராவது யோசனையைச் சுட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் ஒருவரிடமும் மூச்சு விடாமல் வைத்திருந்து, மீட்டிங்கில் போட்டு உடைத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு கேள்வி இல்லை. ஆராய்ந்து பார்ப்பதாகச் சொல்லி மனேஜர் குனிந்து வணங்கினார். வென்றுவிட்டேன் என்று மில்லிக்கனில் இருக்கும் என் வீடுவரை பாட்டுப் போட்டுக்கொண்டு காரோட்டினேன். பிறகு மூன்று கிழமையாக அந்த மூடியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பக்கத்து மேசை மதுரைக்காரர்தான் சிரித்தார். "என்னங்க, மீட்டிங்லயா போய் முதல்ல சொன்னீங்க? அதுக்கு முன்னாடியே ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசி முடிச்சிருக்கணும்."

முன்பே முடித்துவிட்டால் மீட்டிங் எதற்கு? யோசித்துப் பார்த்தால் எங்கள் ஊர் ஆட்களும் அப்படித்தான். கலியாணம் பேச எல்லோரும் பெண் வீட்டுக்குப் போகும் நாளில் யாரும் புதுக்கதை எடுப்பதில்லை. எல்லாம் ரெலிபோனில் முடிந்திருக்கும். அன்றைக்குப் பலகாரம் சாப்பிடுவதுதான் வேலை. இது தெரிந்த எனக்கு அது ஏன் தெரியாமல் போனது?

மேசை மேசையாக அலைந்தேன். வாய்க்கால் வார்ப்பு அச்சில் வராது என்றார் ஒருவர், ஆழத்தைக் குறைத்தோம். அதில் சோறு அடைக்கும், கழுவ முடியாது என்றார் இன்னொருவர், வளைத்தோம். கிண்ணம் உடையும் என்றார்கள், எடுத்துவிட்டோம். கடைசியில் மூடிக்குள் நீரைப் பிடிக்கிற, கழற்றிக் கழுவக்கூடிய ஒரு தட்டு வந்தது. அடுத்த மீட்டிங் பத்து நிமிடத்தில் முடிந்தது.

புதுக் குக்கர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி திறந்தாள். மேசையில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"இதில உங்கட வேலை எது?"

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "தெரியேல்லை."

"அப்ப ஆர் செய்தது?"

"எல்லாரும்தான்."

"நல்லா ஏமாத்திப்போட்டாங்கள் உங்களை."

அப்படிச் சொல்லவும் முடியவில்லை. பெருமைப்படவும் வரவில்லை. கோபம்தான் வந்தது, ஆனால் யாரிடம் கோபப்படுவது? ஒவ்வொரு மாற்றத்துக்கும் நானே ஓம் என்று தலையாட்டியிருந்தேன்.