தரணேந்திரன் சார் திருத்திக் கொடுத்த புகார்

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வகத்தில் இருந்தபோது துறைத் தலைவர் கதவருகே வந்து சொன்னார்: "தரணேந்திரன் சார் தவறிட்டாராம். ஹார்ட் அட்டாக்." பதினோரு ஆண்டுகள் அவருடன் ஒரே அறையில் இருந்தவன் என்பதால் கல்லூரி மலருக்கு அஞ்சலிக் குறிப்பை என்னையே எழுதச் சொல்லிவிட்டார்கள். வேறு யாரையாவது கேட்டிருக்கலாம். எனக்கு அவரைப் பிடிக்காது.

திருவண்ணாமலையில் எங்கள் கல்லூரியின் தகவல் அறிவியல் மாணவர்களுக்கு அவர் தகவல்தொடர்புத் திறன் கற்பித்தார்: பேசுவது, கடிதம் எழுதுவது, பிறர் சொல்வதைக் கேட்பது. கடைசியாகச் சொன்னது அவருக்கே வராது. நான் நடத்தும் புரோகிராமிங்கை மாணவர்கள் முன்னிலையிலேயே "பொட்டி தட்டற வேலை" என்பார்.

அடி அண்ணாமலையிலிருந்து வந்த மாணவி கவிதா, பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்கு எந்த பஸ் எங்கே நிற்கும் என்று காட்டும் செயலி ஒன்றை உருவாக்கியிருந்தாள். வாய்மொழித் தேர்வில் அதை விளக்க அவள் எழுந்து நின்றபோது, வகுப்பைப் பெருக்க வந்த அம்மாவை அவர் முன்வரிசையில் உட்கார வைத்தார். "இவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லு." கவிதா திணறினாள். "உனக்கே புரியல. அப்புறம் எதுக்கு செஞ்ச?" அறுபது பேர் முன்னால் அவள் அழுதாள். பத்து நாள் கல்லூரிக்கு வரவில்லை.

"பொண்ண அழ வச்சிட்டீங்களே சார்," என்றேன்.

"இன்டர்வியூல அழறதுக்கு இங்கியே அழுதுட்டுப் போகட்டும்."

முதல்வருக்கு மூன்று பக்கப் புகார் எழுதி, எங்கள் அறையில் என் மேசைமேல் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். திரும்பி வந்தால் தரணேந்திரன் சார் அதைச் சிவப்பு மையால் திருத்தி வைத்திருந்தார். "விஷயமே மூணாவது பக்கத்துலதான் வருது சார். அத மொதல்ல வைங்க. என்மேல இருக்கற கோவத்தக் கம்மி பண்ணிட்டு, அந்தப் பொண்ணுக்கு என்னா ஆச்சுன்னு சொல்லுங்க."

பிடிக்காவிட்டாலும் அவர் சொன்னபடியேதான் மாற்றி எழுதிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில், அவர் நடத்திவந்த வாய்மொழித் தேர்வை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். கவிதாவிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் நானும் அதன்பிறகு பேசிக்கொள்ளவுமில்லை.

அவர் வீட்டு வாசலில் உடலைக் கிடத்தியிருந்தார்கள். இப்போது வேங்கிக்காலில் வேலை பார்க்கும் கவிதா, மாலை எதுவும் கொண்டுவராமல் நேரே அவர் மனைவியிடம் போய் நின்றாள். "சார்கிட்ட படிச்சேன்மா. எல்லார் முன்னாடியும் என்னை அழ வச்சாரு. ஏன்னு ஒரு நாள் கேக்கணும்னு இருந்தேன். முடியாமப் போச்சு."

அவளை அழைத்துப் போக நான் எழுந்தேன். சாரின் மனைவி அதற்குள் அவள் கையைப் பிடித்துவிட்டார்.

"என்னையும்தாம்மா. உக்காரு."

உடலைத் தூக்கும்வரை இருவரும் அருகருகே அமர்ந்திருந்தார்கள். இருவருமே அழவில்லை. போய் வாருங்கள், சார். இனி உங்கள்முன் யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை.