பிரான்சு கேசட்டும் பனியன் துணியும்

பிரான்சில் இருக்கும் என் நாத்தனார் தன் மகளின் கல்யாண வீடியோ கேசட்டை அனுப்பியிருந்தாள். இங்கே உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டு டெக்கில் போட்டால், கலர் டிவியில் கூறைப்புடவை சாம்பலாகத் தெரிந்தது. கல்யாணம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. வேறு கேசட் போட்டுப் பார்க்காமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அது என் புத்திகெட்டதனம்.

வந்த ஆள் கேசட்டின் மேலிருந்த பிரெஞ்சு எழுத்தைக்கூடப் பார்க்கவில்லை. "ஹெட்டுல அழுக்கு" என்று டெக்கைத் திறந்து, நாடாவிலிருந்து படத்தை எடுக்கும் அந்த ஹெட்டைப் பனியன் துணியால் அழுத்தித் தேய்த்தார்.

"மெதுவாங்க" என்றேன்.

"உங்களுக்கு இதெல்லாம் தெரியாதும்மா, சும்மா இருங்க."

அதன்பின் எந்தக் கேசட் போட்டாலும் வெறும் புள்ளிதான். ஹெட் உடைந்துவிட்டது.

விடுமுறைக்கு வந்த நாத்தனார் சிரித்தாள். "அங்க கலர் முறையே வேற அண்ணி. அந்த கேசட்டு இங்க எந்த டெக்குல போட்டாலும் கறுப்பு வெள்ளதான் வரும்."

மெக்கானிக்கிடமே போய்க் கேட்டேன். "பிரான்சு கேசட்டுன்னு நீங்க சொல்லவே இல்லியே" என்றார், கூசாமல்.

வேறு ஹெட் போட்டாகிவிட்டது. இப்போது படம் கெட்டால், ஏற்கெனவே நன்றாக ஓடிய கேசட் ஒன்றை முதலில் போட்டுப் பார்க்கிறேன். அது ஓடினால் டெக்கை யாரையும் தொட விடுவதில்லை.

அன்று அந்த ஆளுக்கு இரண்டு தடவை காபி போட்டுக் கொடுத்தேனே, அந்த வயிற்றெரிச்சல்தான் இன்னும் அடங்கவில்லை.