கூடைக்காரிகளின் வண்டி

காரைக்கால்மேட்டில் வெண்மதியின் வண்டியைத் தள்ளி விடாமல் பொழுது விடிந்ததில்லை. செல்ஃப் ஸ்டார்ட்டர் போய்ப் பல வருடமாகிவிட்டது. மீன் ஏலம் முடிந்து அன்னக்கூடைகளைப் பின்னால் ஏற்றியதும், மீன்காரப் பெண்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போய் நிற்பார்கள். அமுதம்தான் குரல் கொடுப்பாள். வண்டி இருமிக்கொண்டே நகர்ந்து, ஒரு குலுக்கலில் உயிர் பிடிக்கும். ஓடிப்போய் ஒவ்வொருத்தியாகத் தொற்றி ஏறுவார்கள். கால் வைத்து ஏற இரும்புப் படி இல்லை. அது துருப்பிடித்து விழுந்து, அதற்குப் பதிலாக ஒரு கயிறுதான் தொங்கியது.

மீன் கூடையோடு பஸ்ஸில் ஏறினால் நாற்றம் என்று கண்டக்டர் இறக்கி விடுவார். ஆட்டோக்காரர்கள் கேட்கிற காசுக்கு மீனையே கொடுத்துவிட்டு வரலாம். அதனால் கோட்டுச்சேரி, நெடுங்காடு பக்கம் தெருத்தெருவாய் மீன் விற்கிற பெண்களுக்கு அந்த வண்டியை விட்டால் வேறு வழியில்லை. ஆள் ஏற்றக் கூடாத சரக்கு வண்டிதான். சிக்னலில் நிற்கிற போலீஸ்காரர்கள் சில நாள் கத்துவார்கள், சில நாள் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

வண்டியை வாங்கியவன் வெண்மதியின் புருஷன் கருப்பையன். வாங்கும்போதே பழசு. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டுகிற முள் அப்போதே செத்துப் போயிருந்தது. அவன் மஞ்சள் காமாலையில் போனபிறகு, வண்டியை விற்றுவிடச் சொல்லி அவன் அண்ணன்மார் வந்தார்கள். வெண்மதி ஓட்டக் கற்றுக்கொண்டாள். பழகுகிற நாளில் ஐஸ் கம்பெனி சுவரில் இடித்து ஊரே சிரித்தது. லைசென்ஸ் கையில் வந்த மறுநாள் காலை அமுதம் தன் கூடையைத் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டு, "நீ ஓட்டு, நான் ஒக்காரறேன். என்ன ஆனாலும் ரெண்டு பேருக்கும் ஆவட்டும்" என்றாள். அவளைப் பார்த்துத்தான் மற்றவர்களும் ஏறினார்கள்.

வண்டியை வெண்மதி பார்த்துக்கொண்ட மாதிரி சொந்த உடம்பைக்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை. ரேடியேட்டர் ஒழுகும். சீட்டுக்கு அடியில் எப்போதும் தண்ணீர் கேன் இருக்கும், நிற்கிற இடத்திலெல்லாம் ஊற்றுவாள். ஆயில் மாற்றுகிற நாளைத் தள்ளிப் போட்டதில்லை. மத்தியானம் திரும்பி வந்ததும் சோறு தின்பதற்கு முன்னால் வண்டியைக் கழுவுவாள். ஐஸ் உருகிய மீன் தண்ணீர் முழுக்க உப்பு. அது பலகை இடுக்கு வழியாக இறங்கி அடியில் போய்த் தேங்கும். குடிக்கிற தண்ணீர்க் குழாயில் குடம் குடமாய்ப் பிடித்து, மல்லாக்கப் படுத்து, கைக்கு எட்டின இடமெல்லாம் அடித்துக் கழுவுவாள். எட்டாத இடத்தில் உப்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முகம்மது இப்ராஹிமின் பட்டறை கோட்டுச்சேரி போகிற சாலையில் இருந்தது. கருப்பையன் காலத்திலிருந்து வண்டிக்கு அவர்தான் மெக்கானிக். மழைக்கு முன்னால் ஒருநாள் வண்டிக்கு அடியில் போனவர் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. இன்னொரு தட்டுக்கு இரும்பு அப்பளம் மாதிரி நொறுங்கி அவர் முகத்தில் கொட்டியது. எழுந்து வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இஞ்சின் தங்கமா இருக்கும்மா. அது பாட்டுக்கு ஓடும். வண்டியத் தாங்குற சேஸ்தான் போச்சு."

"ஒட்டு வெச்சுக் குடுங்க பாய்."

"வெக்கிறேன். வெச்ச எடம் தாங்கும். பக்கத்துல விட்டுப்போனா நான் என்ன பண்றது? சரக்கு மட்டும் ஏத்து. ஆள ஏத்தாத."

வெண்மதி சரி என்றாள். மறுநாள் காலையில் பெண்கள் வழக்கம்போல வண்டியைத் தள்ளினார்கள். இறங்குங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். கண்ணாடியில் பார்த்தால், எல்லோரும் ஏறி உட்கார்ந்து வெற்றிலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கியரைப் போட்டாள். அடுத்த நாளும் அப்படித்தான் ஆயிற்று.

ஐப்பசி மழையில் சாலை பெயர்ந்து கிடந்தது. கோட்டுச்சேரி தாண்டி நெடுங்காட்டுச் சாலையில் தண்ணீர் நின்ற பள்ளம் ஒன்றில் பின்சக்கரம் இறங்கியது. மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம். வண்டி வேகமாகக்கூடப் போகவில்லை. பின்பக்கம் மெல்ல ஒருச்சாய்ந்து, கூடைகளும் ஆட்களுமாக வாய்க்காலில் சரிந்தது. இஞ்சின் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. வெண்மதி அதை அணைத்துவிட்டு இறங்கி ஓடினாள். வயலெல்லாம் ஐஸ் கட்டியும் சங்கராவும் சிதறிக் கிடந்தன. மற்றவர்கள் சிராய்ப்போடு சேற்றிலிருந்து எழுந்துவிட்டார்கள். அமுதம் எழவில்லை. அவள்மேல் நிறை கூடை ஒன்று விழுந்திருந்தது.

"ஒண்ணுமில்லடி," என்றாள். "கால்தான் எங்கிட்ட இல்லாத மாதிரி இருக்கு."

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அமுதத்தின் மகள் வராந்தாவில் வைத்து வெண்மதியிடம் சொன்னாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்து நின்றாள் வெண்மதி. அந்தப் பெண் ஏசவில்லை. டீ வாங்கிக் கொடுத்தாள். அதைக் குடிக்கத்தான் வெண்மதியால் முடியவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறையில் விட்டிருந்தார்கள். அமுதத்தைத் தவிர மற்றப் பெண்கள் எல்லோரும் ஒருநாள் அங்கே வந்துவிட்டார்கள். அவர்களில் இளையவள் ஷர்மிளா. புருஷன் விட்டுப் போய், ரெண்டு பிள்ளைகளை மீன் விற்று வளர்க்கிறவள்.

"எப்புடியாவது ஓட வெச்சிக் குடுங்க பாய்," என்றாள். "ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்குறோம்."

"காசு கெடக்கட்டும்மா. வெல்டிங் புடிக்கறதுக்கு இரும்பு வேணுமே. தொட்டா உதிருது."

"ஓடவே ஓடாதா?"

இப்ராஹிம் வெண்மதியைப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் இரும்பு ஆங்கிள் குடுத்து நிறுத்தலாம். ஓடும். ஒரு மாசம் ஓடுமோ, நாளைக்கே ஒக்காருமோ, அது எனக்குத் தெரியாது. நீங்க சொல்லுங்க."

ஓடும் என்ற வார்த்தையே அந்தப் பெண்களுக்குப் போதுமானதாக இருந்தது. முகங்கள் தெளிந்துவிட்டன. அடுத்த நாளே வந்து தள்ளுவார்கள் என்று வெண்மதிக்குத் தெரிந்தது. தள்ளிவிட்டு ஏறுவார்கள். தான் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கியரைப் போடுவாள். இத்தனைக்குப் பிறகும் போடுவாள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"வெட்டிருங்க பாய்," என்றாள்.

ஷர்மிளா அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"அமுதம்க்கா விழுந்தப்பகூட நான் ஒன்ன ஒரு வார்த்த சொல்லல. எங்கள நடுத்தெருவுல விடுற பாரு, இதுக்குச் சொல்றேன். நல்லாருக்க மாட்ட நீ."

"இன்னொருத்தி விழுந்தா?"

"விழுந்தா விழுறோம். வூட்டுல ஒக்காந்து மட்டும் என்னா கிழிக்கப் போறோம்?"

வண்டியைப் பழைய இரும்புக் கடைக்காரர்கள் துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் போனார்கள். இஞ்சினை மட்டும் யாரோ போர் தண்ணி இறைக்க வாங்கிப் போனதாக இப்ராஹிம் சொன்னார். நல்ல விலைக்குப் போனது என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

கூடைக்காரிகள் கொஞ்ச நாள் பஸ்ஸில் ஏறிப் பார்த்தார்கள். பாதி வழியில் இறக்கி விடப்பட்டு வெயிலில் நடந்து, மீன் கெட்டு, இரண்டு பேர் தொழிலை விட்டார்கள். ஷர்மிளா இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போகிறாள். விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிகிறது. வெண்மதியை வழியில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். வெண்மதி டிரைவர் வேலை கேட்டுக் கீழவாஞ்சூர் வரைக்கும் அலைந்தாள். லாரி வைத்திருக்கிறவர்கள் லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறாள்.

அமுதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பார்க்கப் போனாள். கட்டிலில் சாய்ந்திருந்த அமுதம் இளைத்து, பாதி ஆளாக இருந்தாள். ஏலத்தில் என்ன மீன், யார் படகு வந்தது என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். அப்புறம், "வண்டிய ரெடி பண்ணிட்டாரா பாய்?" என்று கேட்டாள். அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"வண்டி இல்லக்கா. வெட்டியாச்சு."

அமுதம் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அப்ப நான் எதுலடி போவேன்?" என்றாள்.

அவளால் இனி எங்கேயும் கூடை தூக்கிப் போக முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். வெண்மதி கோரைப்பாயை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அமுதத்தின் மகள் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது.