கௌதாரி முட்டையும் என் தம்பியும்

போன வருஷம் வைகாசியில், பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்திலேயே மகளுக்குக் காது குத்து வைத்திருந்தோம். முந்நூறு பேருக்குக் கிடா விருந்து. அதற்கு ஒரு வாரம் முன்னால், வேலியோரம் புல் வெட்டச் சொல்லிக்கொண்டே நடந்தபோது, என் காலடியிலிருந்து விர்ரென்று ஒரு கௌதாரி கிளம்பியது. எனக்கு உசுரே போய்விட்டது! குனிந்து பார்த்தால் கிளுவை வேலிக்கு அடியில் சின்னப் பள்ளம், நாலு சருகு, அதில் ஆறு முட்டை.

கௌதாரி எனக்குப் புதுசு இல்லை. விடிந்தால் தோப்பே அதிரக் கத்தித் தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் அடைகாத்துப் பார்த்ததில்லை. அந்த இடத்தை மட்டும் வெட்டாமல் விடச் சொன்னேன். தினமும் தூர நின்று எட்டிப் பார்ப்பேன். காலையிலும் சாயங்காலமும் சித்த நேரம் எழுந்து போய், புல் விதை, பூச்சி, கரையான் என்று கொத்தித் தின்னும். திரும்பும்போது நேராக வராது. மகராசி, சுற்றி வளைத்து நடந்துதான் வருவாள்.

என் வீட்டுக்காரரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். என் தம்பி காதுக்குப் போகவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிற அவன், சின்ன வயசில் கண்ணி வைத்துக் கௌதாரி பிடிப்பதில் மகா கெட்டிக்காரன். பள்ளிக்கூடம் போன நாளைவிடக் கண்ணி வைத்த நாள்தான் அதிகம். இன்றைக்கும் சொந்தக்காரர்கள் அவனைக் கண்டால், "இன்னிக்கு எத்தனை கௌதாரி மாப்ளே?" என்றுதான் கேட்பார்கள்.

விசேஷத்தன்று காலையில் வண்டியும் சனமுமாக ஒரே சத்தம். கௌதாரி மிரண்டு எழுந்து போய்விட்டது. யாராவது மிதித்துவிட்டால்? நாய் தின்றுவிட்டால்? கோழி கவிழ்க்கிற கூடையை எடுத்துப் போய் முட்டைகளின் மேல் கவிழ்த்தேன். அது உள்ளே போய் வர ஒரு பக்கம் கல் வைத்து இடைவெளியும் விட்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு பட்டுச்சேலை கட்டப் போனேன்.

தம்பி சீர்த்தட்டோடு வந்தான். வந்தவன் கொஞ்ச நேரத்தில் காணாமல் போய்விட்டான். நல்ல நேரம் முடியப் போகிறது. ஆசாரி ஊசியோடு காத்திருக்கிறார். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவது எப்படி? ஆளாளுக்கு, "மாமன் எங்க?" என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்குச் சுருக்கென்றது. வேலிப்பக்கம் ஓடினேன்.

கூடை தனியாகக் கிடந்தது. இவன் புது வேட்டியோடு ஒரு தென்னைமரத்துக்குப் பின்னால் குந்தியிருந்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஏன்டா, புள்ளை காது குத்துற அன்னிக்குமா உனக்குக் கௌதாரி கேக்குது? நீயெல்லாம் ஒரு மாமனா?" என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அவன் கோபப்படவில்லை. "கத்தாதீங்கக்கா, சித்த உக்காருங்க" என்று கையைப் பிடித்து இழுத்தான். "கூடையக் கண்டா அது கிட்ட வருமாக்கா? நம்மூட்டுக் கோழின்னு நெனச்சுப்போட்டீங்களா? இன்னும் ரெண்டு மணி நேரம் போனா முட்டையெல்லாம் கெட்டுப்போயிருமுங்க."

பட்டுச்சேலையோடு அவன் பக்கத்தில் குந்தினேன். பந்தலில் இருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கௌதாரியோ வருகிற வழியாக இல்லை. கொன்றுவிட்டேனே பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். கடைசியில் புல்லுக்குள் ஒரு தலை தெரிந்தது. நின்றது, பார்த்தது, நாலடி ஓடியது, மறுபடி நின்றது. அப்புறம் ஒரே ஓட்டமாக வந்து முட்டைமேல் உட்கார்ந்துவிட்டது. நான் அழுதேவிட்டேன்.

நல்ல நேரம் முடிய அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ஓடி வந்து சேர்ந்தோம். வேட்டியெல்லாம் ஒட்டுப்புல்லோடு மாமன் மடியில் என் மகள். அவள் அவனை உதைத்த உதையில் பந்தலே சிரித்தது.

சாப்பிட்ட பிறகு, "எப்படிடா தெரியும்?" என்று கேட்டேன். வேலியோரம் கூடையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டதாம்; பிடிப்பதற்காகப் படித்த படிப்புதான் என்றான். பதினஞ்சு வயசில் ஒரு பெட்டை கண்ணியில் மாட்டியதாம். சேவல் இருட்டும் வரைக்கும் வேலிமேல் நின்று கத்திக்கொண்டே இருந்ததாம். அன்றைக்கே கண்ணியை எல்லாம் அறுத்துப் போட்டுவிட்டானாம். "சொன்னா நீங்கெல்லாம் சிரிப்பீங்கன்னு சொல்லலீங்கக்கா" என்றான்.

பத்து நாள் கழித்து அஞ்சு முட்டை பொரிந்தது. ஈரம் காய்ந்த கையோடு குஞ்சுகள் தாய்க்குப் பின்னால் நடக்கத் தொடங்கிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். மக்கிப்போன மட்டைக்கு அடியில் தாய் கிளறிக் கொடுத்த கரையானை அவை அடித்துப் பிடித்துக்கொண்டு தின்பதை இரண்டு பேரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். மனசு அவ்வளவு நிறைவாக இருந்தது.

ஒரு பறவை எப்போது எழும், என்ன தின்னும், எந்த வழியாக வரும் என்று ஒரே வாரத்தில் தெரிந்துகொண்ட எனக்கு, கூடப் பிறந்தவன் மனசு மாறி இருபது வருஷமானது தெரியாமலே போயிருக்கிறதே என்று நினைத்தால், இப்போதும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.