வரும் வழியும் போகும் வழியும்

தாம்பரத்துக்குக் கிழக்கே ஏரிக்கரையை ஒட்டித்தான் எங்கள் வீடு. பெயர்தான் ஏரி. நாங்கள் குடிவந்ததிலிருந்து எங்கள் கிணறு காய்ந்துதான் கிடந்தது. லாரித் தண்ணீரில்தான் பிழைப்பு. அந்தக் கிணற்றில் ஒருமுறையாவது தண்ணீரைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கணவரின் பைத்தியம். போகப்போக அது எனக்கும் பிடித்துவிட்டது.

ஏரிக்கு மழைநீர் கொண்டுவரும் வாய்க்கால் குப்பையில் புதைந்து கிடந்தது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தூர்வாருவார்களாம். அதையே இவரும் காலனியில் வீடு வீடாகப் போய்க் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார்கள். எதிர்வீட்டு அக்கா சர்ச் முடிந்ததும் புடவையை மாற்றிக்கொண்டு வந்துவிடுவார். மெத்தை, டயர், உடைந்த கக்கூஸ் பீங்கான் என்று என்னென்னவோ வந்தன. செல்ஃபி எடுக்க மட்டும் வந்தவர்களையும் நான் மறக்கவில்லை.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. எங்கள் கிணற்றிலும் தண்ணீர் ஏறியது. குனிந்து செம்பில் மொண்டு குடித்தேன். அழுதுவிட்டேன், வெட்கமென்ன.

மழைதான் விடவில்லை. தண்ணீர் வரும் வழியைத் தேடிய நாங்கள் போகும் வழியை யோசிக்கவே இல்லை. ஏரி நிறைந்தால் உபரிநீர் வழியும் கலங்கலுக்குக் கீழே ஒரு வாய்க்கால் இருந்திருக்கிறது. அதைத் தூர்த்துத்தான் எங்கள் தெருவைப் போட்டிருக்கிறார்கள். ஹாலில் ஃபிரிட்ஜ் மிதந்தபோதுதான் இது எங்களுக்கு உறைத்தது. எதிர்வீட்டு அக்காவின் படுத்த படுக்கையான மாமனாரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

தண்ணீர் வடிந்ததும் கூட்டம் போட்டார்கள். வரத்து வாய்க்காலை அடைத்துவிட வேண்டும் என்றார்கள். அதற்குப் பதில் உபரிநீர் போக வழிவிடலாமே என்று நான் எழுந்து கேட்டேன்.

சங்கத்துச் செயலாளர் மரியாதையாகத்தான் கேட்டார்: "தாராளமா விடலாம் மேடம். எந்த வீட்ட இடிக்கிறது? உங்க வீட்லேருந்து ஆரம்பிக்கலாமா?"

உட்கார்ந்துவிட்டேன். வேறென்ன செய்ய முடியும்?

வாய்க்காலை அடைக்க யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா என் முகத்தைப் பார்க்காமல் மண்மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. என் கணவரும் போனார். மதியம் சேறும் சகதியுமாக வந்து படியில் உட்கார்ந்தார்.

"கிணத்துல இருக்கற தண்ணிய செடிங்களுக்கு ஊத்திடு," என்றார். "இனிமே வராது."